நாலு போர்ஷன் வீடு வாங்கப் போகிறீர்களா? சென்னையில் முதல்முறை சறுக்கும் இடங்கள்

மேற்கு மாம்பலத்திலோ சைதாப்பேட்டையிலோ நாலு குடித்தனம் இருக்கும் பழைய வீடு விலைக்கு வருகிறது. “மாசம் அறுபதாயிரம் வாடகை வருது சார், இஎம்ஐ தானா போயிடும்” என்கிறார் புரோக்கர். போகாது.

ஒரு பேச்சுக்கு விலை 2 கோடி என்று வையுங்கள். ஆண்டு வாடகை 7.2 லட்சம், அதாவது விலையில் 3.6 சதவீதம். 1.4 கோடி கடனை 8.5 சதவீத வட்டிக்கு 20 ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 1.21 லட்சம். பாதிக்கு மேல் உங்கள் சம்பளத்திலிருந்துதான் போகும். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 18 லட்சம் தனி. இதெல்லாம் தெரிந்தே மனை விலை ஏறும் என்று வாங்கினால் சரி. வாடகையை நம்பி இறங்காதீர்கள்.

அந்த அறுபதாயிரமும் நிஜமா என்று பார்க்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். நாலு போர்ஷனில் ஒன்று லீஸுக்குப் போயிருக்கும். குடியிருப்பவர் 10 லட்சம் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருப்பார். புரோக்கர் அதற்கும் பதினைந்தாயிரம் போட்டுத்தான் கணக்குச் சொல்லியிருப்பார். மற்ற மூவரும் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்திருந்தால் அது 4.5 லட்சம். ஆக 14.5 லட்சம் பழைய ஓனர் கையில். காலி செய்யும்போது அவர்கள் வந்து நிற்பது உங்கள் வாசலில். ஒவ்வொரு குடித்தனக்காரரிடமும் நேரில் பேசி, கொடுத்த தொகையை எழுதி வாங்கி, அதை விலையில் கழித்துக்கொண்டு, கிரய ஒப்பந்தத்திலும் அப்படியே எழுதுங்கள்.

“ரிஜிஸ்ட்ரேஷனுக்குள்ள காலி பண்ணிக் கொடுத்துடறோம்” என்ற வாய் வார்த்தைக்கு முழுப் பணத்தையும் நீட்ட வேண்டாம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது. பழைய வீடுகளில் இருபது வருஷமாக ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாமல் இருப்பவர்கள் உண்டு. அவர்களைக் கிளப்புவது உங்கள் தலையில் விழும்.

வாஸ்து பார்க்கும் நேரத்தில் பாதியை மீட்டர் பெட்டிக்கும் சம்புக்கும் கொடுக்கலாம். நாலு போர்ஷனுக்கு இரண்டே ஈ.பி. மீட்டர், மீதிக்கு சப்-மீட்டர் என்றால், இரண்டு குடும்பத்து யூனிட்டும் ஒரே பில்லில் சேர்ந்து 500-ஐத் தாண்டி, கட்டணம் கூடுதலாக இருக்கும் மேல் ஸ்லாபுக்குப் போய்விடும். அந்தச் சண்டைக்குப் பஞ்சாயத்து நீங்கள்தான். தண்ணீரோ, மழைக்காலத்தில் பார்த்தால் எல்லா வீட்டிலும் வரும். 2019 கோடையில் செம்பரம்பாக்கமும் செங்குன்றமும் வறண்டபோது இந்த வீட்டில் எப்படிச் சமாளித்தார்கள், லாரித் தண்ணீர்க் காசை யார் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். ஓனரைவிட மாடி வீட்டு அம்மா சரியாகச் சொல்வார்.

மூலப்பத்திரம், வில்லங்கம், பட்டா எல்லாம் வக்கீல் பார்ப்பார். அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நீங்களே மாடி வரை ஏறுங்கள். வரைபடத்தில் ஒரு மாடி, நேரில் இரண்டு என்றால், அந்த மேல் மாடிக்கு வங்கி மதிப்புப் போடாமல் போகலாம். இடிக்கச் சொல்லி நோட்டீஸும் வரலாம். வாடகைக் கணக்கிலிருந்து அந்தப் போர்ஷனை அடித்துவிட்டு மறுபடி பேரம் பேசுங்கள்.

விற்பவர் அமெரிக்காவிலோ துபாயிலோ இருக்கிறாரா என்பதையும் முன்பே கேளுங்கள். உள்ளூர்க்காரர் என்றால், 50 லட்சமும் அதற்கு மேலும் விலையுள்ள சொத்துக்கு 1 சதவீத டிடிஎஸ் (விற்பவருக்குத் தரும் பணத்தில் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடித்தால் போதும். வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் பிடிக்க வேண்டியது பல மடங்கு. பிடிக்காமல் முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டால், வருமான வரித்துறை வட்டியோடு கேட்பது வாங்கியவரிடம்தான்.