ஃபிட்ஸ் ஹெடரில் கை வைப்பதற்கு முன்

“அண்ணா, அல்கோல் ஒரே ராத்திரியில ரெண்டு தடவ மங்கியிருக்கு, பாருங்க” என்று பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி லேப்டாப்போடு வந்து நின்றான். அல்கோல் என்பது, துணை நட்சத்திரம் முன்னால் வந்து மறைக்கும்போதெல்லாம் மங்கும் ஒரு நட்சத்திரம். அது மங்குவது 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒரு முறைதான். ஆனால் அவன் வரைபடத்தில் இரண்டு பள்ளம். நடுவே இடைவெளி எவ்வளவு என்று கேட்டேன். “அஞ்சரை மணி நேரம்ணா.” அதற்கு மேல் நான் எதையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. சில வருடங்களுக்கு முன் தருமபுரியில் எங்கள் மொட்டை மாடியில் நான் அடித்த அதே கூத்து.

வானியல் படங்களை பைத்தானில் தொட ஆரம்பிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்தப் படங்கள் ஃபிட்ஸ் என்ற ஃபைல் வடிவத்தில் இருக்கும். படம் எடுத்த நேரம் போன்ற விவரங்கள் படத்துக்கு முன்னால் வரி வரியாக இருக்கும், அதுதான் ஹெடர். பேக்கப் எடுங்கள், எழுத்துப்பிழை பாருங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடலாம்.

நோட்பேடில் திறந்து திருத்துவது

வேண்டாம். ஹெடரில் ஒரு வரி என்றால் 80 எழுத்து, 36 வரி சேர்ந்தால் 2880 பைட். ஒரே ஒரு இடைவெளி கூடினாலும் அதற்குப் பின்னால் உள்ள படம் மொத்தமும் தள்ளிப்போய்விடும்.

மூல ஃபைலிலேயே நேரத்தை மாற்றுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும்.

படம் எடுத்த நேரம் டேட்-ஆப்ஸ் என்ற வரியில் இருக்கும். டைம்-சிஸ் என்று தனியாக ஒரு வரி இல்லாவிட்டால், அந்த நேரம் யுடிசி, அதாவது இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும் உலகப் பொது நேரம் என்றுதான் ஃபிட்ஸ் தரநிலை எடுத்துக்கொள்ளும். என் பழைய லேப்டாப்பில் இருந்த மென்பொருளோ இந்திய நேரத்தை அப்படியே எழுதி வைத்திருந்தது. ஐந்தரை மணி நேரத்தைக் கழித்தால் தீர்ந்தது என்று பத்து வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். பைத்தானின் வானியல் நூலகமான ஆஸ்ட்ரோபையில் ஃபைலை ‘அப்டேட்’ மோடில் திறப்பது, நேரத்தைக் கழிப்பது, மூடுவது. அழகாக இருக்கட்டும் என்று ஃபைல் பெயரையும் புது நேரத்தை வைத்தே மாற்றச் சொல்லியிருந்தேன்.

அன்று ராத்திரி நடுவில் கரண்ட் போயிருந்தது. பேட்டரி செத்த லேப்டாப் என்பதால், அப்போது எழுதிக்கொண்டிருந்த படம் 0 பைட்டில் நின்றுவிட்டது. ஸ்கிரிப்ட் அந்த ஃபைலுக்கு வந்ததும் பிழை காட்டி நின்றது. நான் என்ன செய்தேன்? அந்த ஃபைலை அழித்துவிட்டு, ஸ்கிரிப்டை முதலிலிருந்து மறுபடி ஓட்டினேன்.

என்ன நடந்திருக்கும் என்று பாருங்கள். ஒரு படத்தில் 19:42:10 என்று இருந்தது. முதல் ஓட்டத்தில் அது 14:12:10 ஆனது, சரி. இரண்டாவது ஓட்டத்தில் 08:42:10. அதாவது மத்தியானம் இரண்டேகால் மணிக்கு மாடியில் நின்று நட்சத்திரத்தைப் படம் பிடித்தேன் என்கிறது ஹெடர்! இந்த மாதிரி படங்களையாவது வெயிலை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். நள்ளிரவு 12:30-க்கு எடுத்த படத்தில் இரண்டு தடவை கழித்தால் அது இரவு 7 மணிப் படம் போல நிற்கும். அதை எதை வைத்துச் சந்தேகப்படுவது?

சரி, பாதியில் நின்றதற்கு முன்னால் இருந்தவைதானே கெட்டவை என்று தோன்றும். ஆனால் ஃபோல்டரில் உள்ள ஃபைல்களைப் பட்டியலிடும் பைத்தானின் குளோப், அவற்றை வரிசையாகத் தரும் என்று யாரும் சொல்லவில்லை. லினக்ஸில் அது எந்த வரிசையில் வேண்டுமானாலும் தரும், சார்ட் பண்ணாதது என் தப்பு. வரிசை எண் இருந்த பழைய பெயர்களையும் நானே மாற்றியாயிற்று. ஃபைல் தேதியைப் பார்க்கலாமென்றால் எல்லாவற்றிலும் அன்றைய தேதி. காப்பாற்றியது ஒரு நோட்டுதான். “ஆரம்பம் 7:42, மேகம் 9:10, திரும்ப 9:35” என்று கிறுக்கி வைத்திருந்தேன். பதினொரு மணிக்கு மேல் பனியில் கை விறைத்து எழுதாமல் விட்டுவிட்டேன். பள்ளத்தின் அடி நள்ளிரவுக்கு மேல்தான் வந்தது.

அதனால் அந்த ராத்திரி போனது போனதுதான். அல்கோலின் அடுத்த கிரகணம் மூன்றாம் நாள், ஆனால் 3 மணி 11 நிமிடம் முன்னதாக வரும். அன்று மேகம். அதற்கடுத்ததில் பள்ளத்தின் அடி வானம் இருட்டுவதற்குள்ளேயே வந்து போய்விட்டது.

இப்போது என் வழக்கம் இது. மூலப் படங்கள் உள்ள ஃபோல்டரை ரீட்-ஒன்லி ஆக்கிவிடுவேன். திருத்தம் எல்லாம் நகலில்தான். பழைய நேரத்தை இன்னொரு வரியில் அப்படியே வைத்துவிட்டு, என்ன செய்தேன், எப்போது செய்தேன் என்று ஹிஸ்டரி வரியில் எழுதுவேன். அந்தப் பழைய நேர வரி ஏற்கெனவே இருந்தால் ஸ்கிரிப்ட் அந்தப் படத்தைத் தொடாமல் தாண்டிவிடும். இரண்டு தடவை என்ன, இருபது தடவை ஓட்டினாலும் ஒன்றும் ஆகாது. கழிப்பதையும் ஆஸ்ட்ரோபையின் டைம் வகையிடம் விட்டுவிடுங்கள். எழுத்தாக வெட்டி மணியில் 5 கழித்த ஒருவருக்கு, அதிகாலை 2 மணி ‘மைனஸ் 3’ ஆனதைப் பார்த்திருக்கிறேன். தேதி முந்தின நாளுக்குப் போக வேண்டும் என்பது அவர் கோடுக்குத் தெரியாது.

அப்புறம், டேட்-ஆப்ஸ் பெரும்பாலும் எக்ஸ்போஷர் ஆரம்பித்த நேரம். ஒளி வரைபடத்துக்கு வேண்டியது நடு நேரம். எக்ஸ்போஷர் எவ்வளவு நேரம் என்று சொல்லும் எக்ஸ்ப்டைம் வரியில் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பி-ஜீரோ 32768

ஒவ்வொரு பிக்சல் மதிப்போடும் எவ்வளவு கூட்ட வேண்டும் என்று சொல்லும் ஹெடர் வரி இது. தொடாதீர்கள். குறியில்லாத 16 பிட் எண்ணை ஃபிட்ஸ் அப்படித்தான் சேமிக்கும்.

படத்தை வெட்டிவிட்டு ஹெடரை அப்படியே ஒட்டுவது

நடுவில் ஒரு துண்டை வெட்டினால், வானத்தில் தெரிந்த ஓர் இடம் எந்தப் பிக்சலில் இருக்கிறது என்று சொல்லும் சிஆர்பிக்ஸ் எண்களும் மாற வேண்டும், இல்லாவிட்டால் நட்சத்திரம் வேறு இடத்தில் இருப்பதாகச் சொல்லும். கையால் கழிக்கப் போனால் ஒரு குழப்பம் காத்திருக்கிறது: ஃபிட்ஸ் பிக்சலை 1-இலிருந்து எண்ணும், பைத்தானின் நம்பை நூலகம் 0-இலிருந்து எண்ணும், அதுவும் கிடை வரிசையை முதலில், நெடு வரிசையைப் பின்னால் சொல்லி. ஆஸ்ட்ரோபையின் கட்அவுட்2டி-யிடம் கொடுங்கள், அது தரும் புதிய டபிள்யூசிஎஸ்-ஐ (பிக்சலை வானத்து இடத்தோடு இணைக்கும் விவரம்) ஹெடரில் ஏற்றுங்கள்.

ஜேபெக் ஆக்கி அனுப்புவது

ஹெடர் போய்விடும். அளக்க வேண்டிய படத்தை ஃபிட்ஸாகவே அனுப்புங்கள்.

ஃபிட்ஸாக அப்படியே அனுப்புவது

இதிலும் ஒரு சிக்கல். பல மென்பொருள்கள் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையையும் ஹெடரில் எழுதிவிடும். பொதுவில் போடும் நகலில் தசமப் புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் போதும். பாலக்கோட்டுத் தம்பியின் ஹெடரில் ஆறு இலக்கம் இருந்தது. மேப்பில் போட்டுப் பார்த்தேன், அவன் பாட்டி வீட்டு மாட்டுக்கொட்டகையின் தகரக் கூரையில் போய் நின்றது.