கலர் பென்சிலில் சிறுத்தை வரைவது எப்படி? புள்ளி கடைசியில்தான்

சிறுத்தை வரையப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் புள்ளியில்தான் தொடங்குவார்கள், அதிலேயே மாட்டிக்கொள்வார்கள். வெளிக்கோடு போட்டு உள்ளே கறுப்பு வட்டங்களை நிரப்பினால், சிறுத்தைத் துணியில் தைத்த தலையணை மாதிரி ஒன்று வந்து நிற்கும். அந்தப் புள்ளிகள் தசையும் எலும்பும் உள்ள ஓர் உடம்பைப் போர்த்திய தோலில் இருப்பவை. உடம்பு வளைகிற இடத்தில் அவையும் வளையும். கீழே உள்ள வரிசை முழுக்க இதற்காகத்தான்.

எந்தப் பூனை என்று முடிவு செய்யுங்கள்

மூன்று விலங்குகள் எப்போதும் குழம்பும். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழும் சிறுத்தையின் விலாவில் இருப்பவை மூன்று நான்கு துண்டுகளாக உடைந்த வளையங்கள். ரொசெட் என்பார்கள், இங்கே பூப்புள்ளி என்று சொல்லிக்கொள்வோம். அமெரிக்கக் கண்டத்து ஜாகுவாருக்குப் பூப்புள்ளி பெரிது, எண்ணிக்கையில் குறைவு, பலவற்றின் நடுவில் ஒன்றிரண்டு பொட்டும் இருக்கும். தலை பருத்து, உடல் கட்டையாக இருக்கும். சிவிங்கிப்புலிக்கு வளையமே கிடையாது, வெறும் பொட்டுகள். கூடவே கண்ணின் உள்மூலையிலிருந்து வாய்வரை இறங்கும் கறுப்புக் கோடு. சிறுத்தையின் கண்ணோரம் இருக்கும் சின்னக் கருமையைக் கொஞ்சம் நீட்டிவிட்டால் போதும், முகம் சிவிங்கிப்புலியாகிவிடும்.

மாதிரிப் படம் தேடும்போது காலை அல்லது மாலை வெயில் பக்கவாட்டில் விழும் படமாக எடுங்கள். உச்சி வெயில் படத்தில் தசை மேடுகள் தட்டையாகிவிடும். கூண்டில் வளர்ந்த விலங்குகளில் பல கொழுத்து, வயிறு தொங்கியிருக்கும். காட்டில் எடுத்த படமே நல்லது. இன்னொன்று: சிறுத்தையின் இடப்பக்கப் புள்ளி அமைப்பும் வலப்பக்கத்ததும் வேறு வேறு. ஒவ்வொரு விலங்குக்கும் அது தனி. தானியங்கிக் கேமராப் படங்களை வைத்துச் சிறுத்தைகளை ஆய்வாளர்கள் அடையாளம் காண்பதே இதைக் கொண்டுதான். ஒரு பக்கத்தைப் பார்த்து மறுபக்கத்தைக் கண்ணாடிப் பிம்பமாக வரையாதீர்கள்.

வேண்டியவை

வழவழப்பான, 200 ஜிஎஸ்எம்முக்குக் குறையாத ஏ4 தாள். மெல்லிய தாள் நான்காவது பூச்சிலேயே நைந்துபோகும். எச்பி பென்சில், பிசைந்து உருட்டும் அழிப்பான், மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா ஒன்று. கலர் பென்சிலில் எட்டு போதும்: வெளிர்மஞ்சள், காவிமஞ்சள், செம்பழுப்பு, அடர்பழுப்பு, கறுப்பு, சாம்பல், வெளிர்நீலம், ஆலிவ் பச்சை. 48 நிறப் பெட்டி தேவையில்லை.

படி 1: அளவு

தலையை அளவுகோலாக வையுங்கள். மூக்கிலிருந்து பின்மண்டைவரை 3 செ.மீ. என்றால், மார்பின் முன்முனையிலிருந்து பிட்டம்வரை சுமார் 10 செ.மீ., தோள் உயரம் சுமார் 8 செ.மீ., வால் சுமார் 10 செ.மீ. எல்லோரும் வாலைக் குட்டையாகத்தான் போடுகிறார்கள், தாளில் இடம் ஒதுக்காததால். எனவே தாளைக் கிடையாக வைத்து, வாலுக்கான இடத்தை முதலிலேயே குறித்துவிடுங்கள்.

மார்புக்கூட்டுக்கு ஒரு முட்டை வடிவம், இடுப்புக்குச் சற்றுச் சிறிய வட்டம், இரண்டையும் இணைத்து முதுகுக் கோடு. அழுத்தாமல், ஊதினால் பறந்துவிடும் என்பதுபோல் மெலிதாக.

படி 2: கால்

பின்னங்காலில் பின்பக்கமாக மடங்கித் தெரிவது முழங்கால் அல்ல, குதிகால். பூனைகள் விரல்களை ஊன்றி நடப்பவை. உண்மையான முழங்கால் மேலே, வயிற்றோரம் இருக்கிறது. இது புரியாவிட்டால் பின்னங்கால் நாற்காலிக் கால் மாதிரிதான் வரும். நடக்கும்போது நகம் உள்ளே இழுபட்டிருக்கும், வரைய வேண்டாம்.

முன்பக்கத்தில் பார்க்க வேண்டியது தோள்பட்டை எலும்பு. பூனைக் குடும்பத்தில் காறை எலும்பு சுருங்கி, வேறெந்த எலும்போடும் சேராமல் இருக்கிறது. தோள்பட்டையைத் தசைதான் தாங்கிப் பிடிக்கிறது. அதனால் எடை தாங்கும் முன்னங்காலின் தோள்பட்டை முதுகுக் கோட்டுக்கும் மேலே மேடாக எழும்பும். அந்த ஒரு மேடு போதும், விலங்கு பதுங்கி நடப்பது தெரிய. முதுகை நேர்கோடாகப் போட்டால் கட்டில்தான்.

படி 3: மீசையை இப்போதே கீறுங்கள்

நிறம் தொடும் முன், மை தீர்ந்த பேனாவால் மீசை முடிகளைத் தாளில் பள்ளமாகக் கீறுங்கள். பிறகு மேலே பென்சில் ஓடும்போது பள்ளம் வெள்ளையாகவே நிற்கும். கீறும் இடத்தில் எச்பி கோடு இருந்தால் முதலில் அழித்துவிடுங்கள். பள்ளத்துக்குள் போன கரியை எந்த அழிப்பானாலும் எடுக்க முடியாது.

படி 4: அடிநிறம்

தொண்டை, வயிறு, கால்களின் உட்புறம் ஆகியவற்றை வெள்ளையாக விட்டு, மற்ற இடமெல்லாம் வெளிர்மஞ்சள். அதன்மேல் விலாவில் காவிமஞ்சள், முதுகுத்தண்டை ஒட்டிச் செம்பழுப்பு. வயிற்று நிழலுக்குக் கறுப்பு வேண்டாம். சாம்பலும் கொஞ்சம் வெளிர்நீலமும் போதும்.

ஒவ்வொரு கோடும் முடி படிந்திருக்கும் திசையில் போக வேண்டும்: மூக்கின் மேலிருந்து நெற்றிக்கு, கன்னத்தில் வெளியே சற்றுக் கீழ்நோக்கி, விலாவில் வாலை நோக்கி, காலில் கீழே. இந்த அளவுப் படத்துக்கு முகத்தில் 1 மி.மீ., விலாவில் 3 மி.மீ., வயிற்றில் 4 முதல் 5 மி.மீ. கோடு. நீளமாக இழுத்தால் ஆட்டு ரோமம்.

படி 5: கண்

பூனை என்றதும் செங்குத்துக் கோடாகக் கண்மணி போடுவது வீட்டுப்பூனைப் பழக்கம். சிறுத்தையின் கண்மணி வட்டம். வெயிலில் சிறு வட்டமாகச் சுருங்கும், அவ்வளவுதான். கருவிழிக்குக் காவிமஞ்சளும் ஆலிவ் பச்சையும். மேல் இமையின் நிழல் கருவிழியின் மேல்பகுதியில் விழுவதைக் காட்டுங்கள். அது இல்லாவிட்டால் திடுக்கிட்ட முழி. ஒளிப்பொட்டுக்கு ஓர் ஊசிமுனை இடத்தை வெள்ளையாக விட்டுவிடுங்கள்.

படி 6: புள்ளி

பீப்பாயைச் சுற்றிய பட்டைகள்போல, முதுகிலிருந்து வயிற்றுக்கு 1 செ.மீ. இடைவெளியில் மெல்லிய வளைகோடுகள் போடுங்கள். பூப்புள்ளிகள் இந்த வளைவில்தான் உட்காரும். விலாவின் நடுவில் 5 முதல் 6 மி.மீ. அகலத்தில் விரிந்திருப்பவை முதுகு விளிம்பையும் வயிற்று விளிம்பையும் நெருங்க நெருங்க ஒடுங்கி நீள்வட்டமாகும். தோள்பட்டை தோலை இழுக்கும் இடத்தில் நீளும். விளிம்பிலும் முழு வட்டம் போட்டால் அதுவரை செய்த நிழல் வேலை அத்தனையும் வீண்; உடம்பு சப்பையாகிவிடும்.

தலை, கழுத்து, கால்களில் பூப்புள்ளி இல்லை, நிறைபொட்டுதான். வயிற்றில் பெரிய பொட்டுகள், வால் நுனியை நோக்கி வளையங்கள். காதின் பின்புறம் கறுப்பு, நடுவில் வெள்ளைத் திட்டு. கிழக்கு ஆப்பிரிக்கச் சிறுத்தைகளுக்குப் பூப்புள்ளி வட்டமாகவும், தென்னாப்பிரிக்கப் பகுதியில் சற்றுச் சதுரமாகவும், ஆசியாவில் பெரிதாகவும் இருக்கும். இலங்கையின் யால காட்டுச் சிறுத்தையை வரைந்துகொண்டு கென்யப் படத்தைப் பார்க்காதீர்கள்.

வளையத்தின் உள்நிறம் வெளிநிறத்தைவிட ஒரு படி அடர்த்தி. உள்ளே செம்பழுப்பை இன்னொரு முறை ஓட்டுங்கள். வளையத்தை அடர்பழுப்பில் போட்டு, அதன்மேல் கறுப்பை முடித்திசையில் குறுங்கோடுகளாக. ஓரம் பிசிறாக இருக்கட்டும், ஏனென்றால் அது சாயம் அல்ல, கறுத்த முடி.

ஒரே அளவு வட்டத்தைச் சீராகப் பதிப்பதும் கலைதான், ஆனால் அது வேறு வழி. 19ஆம் நூற்றாண்டில் பெனின் அரசில், இன்றைய நைஜீரியாவில், ஐந்தைந்து யானைத் தந்தங்களைச் சேர்த்துச் செதுக்கிய இரு சிறுத்தைகளுக்குச் செம்புத் தகடுகளையே புள்ளியாகப் பதித்திருக்கிறார்கள். அங்கே சிறுத்தை அரசனின் அடையாளம், தோலைக் காட்டுவது நோக்கமல்ல. பாதி இயல்பாகவும் பாதி அலங்காரமாகவும் கலந்தால் இரண்டும் கெடும்.

கெடுவது எங்கே

அடர்நிறத்தின்மேல் சில நாள் கழித்து வெண்படலம் தெரிந்தால் அது பென்சிலின் மெழுகு மேலே வந்தது. மெல்லிய துணியால் லேசாகத் துடைத்தால் போகும். பென்சில் வழுக்கி நிறமே ஏறாவிட்டால் தாளின் சொரசொரப்பு நிரம்பிவிட்டது என்று பொருள். ஆரம்பப் பூச்சுகளை அழுத்திப் போட்டதன் விளைவு. இனி அதைச் சரிசெய்வது கடினம், அடுத்த தாளில் கையை இளக்குங்கள்.

முடித்ததும் ஃபிக்ஸேட்டிவ் (படத்தைக் காக்கும் தெளிப்பு) அடிப்பதாக இருந்தால் 30 செ.மீ. தள்ளி, காற்றோட்டமான இடத்தில், மெல்லியதாக இரண்டு முறை. முதலில் அதே நிறங்களைக் கிறுக்கிய துண்டுத் தாளில் அடித்துப் பாருங்கள். சில வகை வெளிர்மஞ்சளை மங்கலாக்கிவிடும்.

இது கைவந்த பிறகு நீலகிரிப் பக்கம் தென்படும் கருஞ்சிறுத்தையை முயலலாம். அது தனி இனமல்ல, நிறமி மிகுந்த அதே சிறுத்தை. பூப்புள்ளிகள் அப்படியே இருக்கும், சாய்வெயிலில் தெரியும். அடிநிறத்தை அடர்நீலமும் அடர்பழுப்புமாகக் கலந்து போட்டு, தனிக் கறுப்பைப் புள்ளிகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.