பழைய புல்லட் இழுக்கவில்லையா? கார்புரேட்டரைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

பாயிண்ட் (திறந்து மூடி பிளக்குக்குப் பொறி வரவைக்கும் சின்ன மின் சுவிட்ச்) வைத்த பழைய புல்லட் 350-இல் இழுவை குறைந்துவிட்டால், பெரும்பாலானவர்களின் கை முதலில் போவது கார்புரேட்டருக்குத்தான். ஸ்குரூ வெளியிலேயே இருக்கிறது, திருப்பினால் சத்தமும் மாறுகிறது. ஆனால் கோளாறு பாயிண்டில் இருக்கும்போது கார்புரேட்டரைத் திருகினால் ஒரு கோளாறு இரண்டாகிவிடும். அதனால் முதலில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் தரும் அழுத்தம்), அடுத்து ஸ்பார்க், கடைசியில்தான் பெட்ரோல். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், ஓட்டிப் பாருங்கள், ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

இங்கே நான் சொல்வது சென்னை திருவொற்றியூரில் தயாரான காஸ்ட் அயர்ன் எஞ்சினுக்கு. 70 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 346 சி.சி. புதிதாக இருந்தபோதே 18 குதிரைத்திறன்தான். அதில் இரண்டு மூன்று குறைந்தாலே மேம்பாலம் ஏறும்போது தெரிந்துவிடும்.

1. எஞ்சின்தான் காரணமா?

சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். சட்டென்று நின்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது செயின் இறுக்கமாக இருக்கிறது. ஓட்டும்போது எஞ்சின் சத்தம் ஏறியும் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. காற்று வடிகட்டியின் குழாயைக் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுவதும் முறுக்கி கார்புரேட்டருக்குள் பாருங்கள். உள்ளே இருக்கும் ஸ்லைடு முழுவதும் மேலே போகாவிட்டால் கேபிளில்தான் வேலை.

2. கம்ப்ரஷன்

சாவியை ஆஃப் செய்துவிட்டு, டீகம்ப்ரஸரைத் (சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் சின்ன வால்வின் லீவர்) தொடாமல் கிக்கரை மெதுவாக மிதியுங்கள். ஓர் இடத்தில் கெட்டியாக நிற்கும். அங்கே உங்கள் எடையை முழுவதும் வையுங்கள். நல்ல எஞ்சின் சற்று நேரம் தாங்கி, மெல்ல மெல்ல இறங்கும். மிதித்தவுடன் 'புஸ்'ஸென்று கீழே போனால் எங்கோ கசிகிறது.

உடனே ரிங் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். முதலில் டீகம்ப்ரஸர் கேபிளில் கொஞ்சம் தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள். கேபிள் இறுகியிருந்தால் அந்தச் சின்ன வால்வு சரியாக மூடாது.

அப்புறம் டேப்பட், அதாவது வால்வைத் திறக்கும் பாகங்களுக்கு இடையிலான இடைவெளி. எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும்; காலையில் வண்டி எடுப்பதற்கு முன் பார்ப்பது நல்லது. பிஸ்டனைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் (இரண்டு வால்வும் மூடியிருக்க பிஸ்டன் மேலே ஏறும் ஓட்டம்) உச்சியில் நிறுத்தி, சிலிண்டரின் வலப்பக்க டேப்பட் மூடியைத் திறங்கள். உள்ளே தெரியும் புஷ் ராடை (வால்வைத் தள்ளும் கம்பி) இரண்டு விரலால் பிடித்துச் சுற்றினால் தாராளமாகச் சுற்ற வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. சுற்றவே வராவிட்டால் வால்வு முழுதாக மூடுவதில்லை. இழுவை குறைவதோடு நிற்காது, எக்ஸாஸ்ட் வால்வும் கருகிவிடும்.

இரண்டும் சரியாக இருந்தும் கம்ப்ரஷன் இல்லையென்றால், பிளக் துவாரத்தில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, பிளக்கை மாட்டி மறுபடி மிதியுங்கள். இப்போது பிடிமானம் கூடினால் ரிங் அல்லது போர் தேய்ந்திருக்கிறது. மாற்றமே இல்லையென்றால் வால்வு. இரண்டில் எதுவானாலும் இனி டியூனிங்கால் ஆகாது, எஞ்சினைப் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

3. ஸ்பார்க்

இங்கே அவசரப்படாதீர்கள். "கார்புரேட்டர் கோளாறு" என்று ஒர்க்‌ஷாப்புக்கு வரும் பழைய வண்டிகளில் நிறைய இந்த இடத்திலேயே சரியாகிவிடும்.

பிளக்கின் இடைவெளி 0.45 முதல் 0.50 மி.மீ. பாயிண்ட் மூடியைத் திறந்து, எஞ்சினைச் சுற்றி, பாயிண்ட் அதிகபட்சம் திறக்கும் இடத்தில் ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள்: 0.35 முதல் 0.40 மி.மீ. முகம் கருத்திருந்தால் பொடி எமரித் தாளால் தேய்த்து, பெட்ரோலில் நனைத்த சுத்தமான துணியால் துடையுங்கள். வண்டி ஓடும்போது பாயிண்டில் பளீரென்று நீலப் பொறி பறந்தால் கண்டன்சர் (பாயிண்டில் பொறி பறக்காமல் தடுக்கும் சின்ன மின் பாகம்) போய்விட்டது. காலையில் நன்றாக ஓடி, சூடானதும் மிஸ்ஸிங் அடித்தாலும் கண்டன்சர் அல்லது காயில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் சுருள்) மேல்தான் சந்தேகம். கண்டன்சர் விலை குறைவு, அதை முதலில் மாற்றிப் பாருங்கள்.

பாயிண்ட் இடைவெளி மாறினால் டைமிங்கும் (பொறி விழும் நேரம்) மாறும். அதனால் இடைவெளியை வைத்த பிறகுதான் டைமிங். இதற்குப் புல்லட்டின் ஹெட்லைட் மேலேயே ஒரு கருவி இருக்கிறது: ஆம்ப் மீட்டர். பிளக்கைக் கழற்றி, டாப் கியரில் போட்டு, சாவியை ஆன் செய்து, பின் சக்கரத்தைக் கையால் மெல்ல முன்னோக்கிச் சுற்றுங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்போது முள் மைனஸ் பக்கம் சாயும். பாயிண்ட் திறக்கும் நொடியில் டக்கென்று நடுவுக்கு வரும். அந்த நொடியில் பிஸ்டன், கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியை எட்டுவதற்கு ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். உங்கள் மாடலுக்கான சரியான அளவு சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். முன்பின்னாக இருந்தால் டிஸ்ட்ரிபியூட்டரின் (பாயிண்ட் இருக்கும் கூடு) நட்டுகளைத் தளர்த்தி, துளித்துளியாகத் திருப்பி, மறுபடி சோதியுங்கள். வேலை முடிந்ததும் சாவியை ஆஃப் செய்ய மறக்காதீர்கள், காயில் சூடாகிவிடும்.

பலர் விட்டுவிடுவது ஆட்டோ அட்வான்ஸ், அதாவது வேகம் கூடும்போது பொறியைத் தானாக முன்கூட்டி விழவைக்கும் அமைப்பு. பாயிண்டைத் திறக்கும் கேமை விரலால் திருகி விடுங்கள். ஸ்பிரிங் இழுத்துத் தானாகத் திரும்ப வேண்டும். துரு ஏறி இறுகியிருந்தால் ஸ்லோ ஸ்பீடில் எஞ்சின் அழகாக ஓடும், ஆனால் வேகத்தில் இழுவையே இருக்காது, எஞ்சினும் அளவுக்கு மீறிச் சூடாகும். சுத்தம் செய்து ஒரு சொட்டு ஆயில் விட்டாலே பழைய இழுவை திரும்பிவிடுவதுண்டு.

4. பெட்ரோல்

சில கிலோமீட்டர் ஓடி வண்டி அடைத்து நின்று, டேங்க் மூடியைத் திறந்ததும் மறுபடி ஓடினால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. அடுத்து, பெட்ரோல் டியூபைக் கழற்றி ஒரு பாட்டிலில் பெட்ரோலைப் பிடியுங்கள். ஒழுக்கு சீராக வர வேண்டும், அடியில் துருவோ தண்ணீரோ தங்கக் கூடாது. பக்கத்தில் பீடி, சிகரெட், நெருப்பு எதுவும் வேண்டாம். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் பாகங்களையும் கெடுக்கும். மாதக் கணக்கில் நின்ற வண்டி என்றால் பழைய பெட்ரோலை வடித்துவிடுங்கள்.

கார்புரேட்டரும் சிலிண்டரும் சேரும் இடத்தில், வண்டி ஸ்லோ ஸ்பீடில் ஓடும்போது ஸ்பிரே பாட்டிலால் கொஞ்சம் தண்ணீர் அடியுங்கள். சத்தம் மாறினால் அங்கே காற்று உள்ளே போகிறது, கேஸ்கெட் மாற்ற வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு கார்புரேட்டர். ஆக்சிலேட்டர் கைப்பிடியில் ஒரு டேப் ஒட்டி கால், அரை, முக்கால் என்று குறியிடுங்கள். தொடக்கத்தில் மட்டும் தடுமாறினால் பைலட் ஜெட் (பெட்ரோல் வரும் சிறு துளை), ஏர் ஸ்குரூ. கால் குறியில் இருந்து முக்கால் வரை என்றால் நீடில் (ஸ்லைடோடு ஏறி இறங்கும் ஊசி). முழுவதும் முறுக்கும்போது மட்டும் என்றால் மெயின் ஜெட். மிக்கார்ப் கார்புரேட்டரில் நீடில் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் நீடில் உயர்ந்து பெட்ரோல் கூடும். ஏர் ஸ்குரூவை வெளியே திருப்பினால் காற்று கூடும்.

மாற்றிய பிறகு காலிச் சாலையில் நன்றாக இழுத்து ஓட்டி, சாவியை ஆஃப் செய்து கிளட்சைப் பிடித்து ஓரமாக நிறுத்தி, ஆறியதும் பிளக்கைக் கழற்றுங்கள். இளம் பழுப்பு என்றால் சரி. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. அப்படியே ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பிசுக்கோடு கருத்திருந்தால் கார்புரேட்டரை விட்டுவிட்டு இரண்டாம் படிக்குத் திரும்புங்கள்.