சௌராஷ்டிர எழுத்தின் ஹாரு: கணினியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையிலும் தமிழகத்தின் வேறு சில ஊர்களிலும் வாழும் சௌராஷ்டிரர்களின் தாய்மொழிக்குரிய எழுத்துமுறை, எழுத்துகளுக்குக் கணினியில் தனித்தனி எண் வழங்கும் யூனிகோடு தரத்தின், 2008-இல் வெளியான 5.1 பதிப்பில் தனக்கென ஓர் இடத்தைப் பெற்றது. அதிலுள்ள குறிகளுள் உள்ளிடுபவர்களும் நிரலர்களும் எளிதில் தடுமாறக்கூடியது ஹாரு எனப்படும் மெய்க்குறியே என்பது என் கருத்து. ம, ந, ர, ல ஆகியவற்றோடு மூச்சொலி கலந்து வரும்போது அவற்றின் பின் இடப்படும் இக்குறியின் யூனிகோடு எண், பதின்மக் கணக்கில் 43188.

ஹாருவை ‘ஹ’ என்ற எழுத்தாகவே கொள்வது முதல் தவறு. ம்ஹ என்னும் ஒலியை உள்ளிட விரும்புபவர், தமிழில் எழுதிப் பழகிய கையால் ம, விராமம் (தமிழின் புள்ளியைப் போல உயிரொலியை நீக்கும் குறி), ஹ என மூன்றையும் அடுக்கிவிடக்கூடும். அப்போது 43178, 43204, 43186 என்ற மூன்று எண்கள் சேமிக்கப்படுகின்றன. சௌராஷ்டிரத்தில் இது இரு மெய்களின் கூட்டு அன்று, மூச்சொலியேறிய ஒரே மெய் என்பதால், சேமிக்கப்பட வேண்டியவை 43178, 43188 என்ற இரண்டு மட்டுமே. ஒரே எழுத்தின் வேறுபட்ட சேமிப்பு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடின் இயல்பாக்க விதிகளுள் எதுவும் இவ்விரு வடிவங்களையும் ஒன்றாகக் கருதுவதில்லை. ஆகவே ஒரு வடிவில் தேடுபவருக்கு மற்ற வடிவில் எழுதப்பட்ட சொல் அகப்படாது.

வரிசையும் முக்கியம். முதலில் மெய், அடுத்து ஹாரு, அதன் பிறகே உயிர்க்குறி: ம்ஹா என்பது 43178, 43188, 43189. உயிர்க்குறியை ஹாருவுக்கு முன்னால் இட்டால், திரையில் ஒருவேளை பிழை தெரியாமல் போகலாம். ஆனால் சேமிக்கப்பட்டிருப்பது வேறோர் எண்வரிசை.

எல்லாவற்றிலும் தீங்கு மிகுந்தது உள்ளீட்டை வடிகட்டும் நிரலில் நேரும் தவறு என்பேன், ஏனெனில் அது எந்த எச்சரிக்கையும் தராமல் சொல்லையே மாற்றிவிடுகிறது. யூனிகோடின் வகைப்பாட்டில் ஹாரு ‘எழுத்து’ அன்று. உயிர்க்குறிகளைப் போல, இடம் கொள்ளும் சார்புக்குறி, அதாவது ஓர் எழுத்தைச் சார்ந்தே வந்தாலும் திரையில் தனக்கென இடம் பிடிக்கும் குறி. படிவத்தில் பெயரை உள்ளிடும் பெட்டியில் எழுத்துகளை மட்டும் ஏற்கும்படி விதி எழுதும் நிரலர், தம்மை அறியாமலேயே ஹாருவையும் உயிர்க்குறிகளையும் விராமத்தையும் நீக்கிவிடுகிறார். ம்ஹா வெறும் ம ஆகிவிடுகிறது. தமிழின் கால், கொம்பு, புள்ளி ஆகியவற்றையும் இதே விதி உதிர்த்துவிடும் என்பதைத் தமிழ் நிரலர்கள் அறிவார்கள். எழுத்து வகையோடு சார்புக்குறி வகையையும் சேர்த்து ஏற்கும்படி விதியை எழுத வேண்டும்.

எழுத்துக்குப் பதிலாகக் வெற்றுக் கட்டம் தெரிந்தால், குறியேற்றம் (எழுத்துகளுக்கு எண் தரும் முறை) தவறு என்று முடிவு செய்து பழைய எழுத்துருக் குறியேற்றத்துக்குத் திரும்பிவிட வேண்டாம். பெரும்பாலும் அக்கருவியில் சௌராஷ்டிர எழுத்துரு இல்லை என்பதே அதற்குக் காரணம்; நோட்டோ சான்ஸ் சௌராஷ்டிரா போன்ற இலவச எழுத்துருவை நிறுவினால் போதும்.

நீள வரம்பு விதிக்கும்போது பைட்டுகளை (கணினியின் சேமிப்பு அலகுகளை) எண்ணி வெட்டுவதும் கூடாது. யூனிகோடு எண்களைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஹாரு உட்பட இவ்வெழுத்துமுறையின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட்டுகள் தேவை என்பதால், படிப்பவர் ஓரெழுத்தாகக் காணும் ம்ஹா 9 பைட்டுகளைக் கொள்கிறது. ஆறாம் பைட்டில் வெட்டினால் நெடில் ஒழிந்து ம்ஹ எஞ்சும். மூன்றாம் பைட்டில் வெட்டினால் மூச்சொலியும் போய்விடும்.