நெக்ஸ்ட்கிளவுட் பதிப்பை உயர்த்தும்போது சறுக்கும் இடங்கள்

சொந்த சர்வரில் நெக்ஸ்ட்கிளவுட் (கோப்புகளைச் சேமித்துப் பகிர உதவும் மென்பொருள்) வைத்திருப்பவர்களில் பலர், ஓடுகிறவரை ஓடட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு மேஜர் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது ஏறத்தாழ ஓராண்டுதான். அதனால் 24-ஆம் பதிப்பில் நின்றுபோனவர் ஒருநாள் விழித்துக்கொண்டு நேராக 30-க்குத் தாவப் பார்ப்பார். அது நடக்காது. 24-இலிருந்து 25, பிறகு 26 என்று ஒவ்வொரு படியாகத்தான் ஏற வேண்டும். அடுத்த படிக்குப் போகும் முன், இருக்கும் வரிசையின் கடைசித் திருத்தப் பதிப்புக்கும் வந்துவிட வேண்டும். படி தாண்டினால், நெக்ஸ்ட்கிளவுடின் டெர்மினல் கருவியான ஓசிசியின் அப்கிரேட் கட்டளை மறுத்து நின்றுவிடும். அப்போது கான்ஃபிக் (அமைப்பு) கோப்பில் உள்ள பதிப்பு எண்ணைத் திருத்தி அதை ஏமாற்றப் பார்ப்பவர்கள் உண்டு. இந்த விஷயத்தில் செய்யக்கூடிய மிக மோசமான காரியம் அதுதான். இடைப்பட்ட பதிப்புகள் செய்திருக்க வேண்டிய தரவுத்தள அட்டவணை மாற்றங்கள் நடக்காமலே போகும். கோளாறு அன்றைக்குத் தெரியாமல் பல வாரம் கழித்துத் தலைகாட்டும்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது, நெக்ஸ்ட்கிளவுட் ஓடத் தேவையான நிரல்மொழி பிஎச்பியில். ஒவ்வொரு நெக்ஸ்ட்கிளவுட் பதிப்பும் குறிப்பிட்ட சில பிஎச்பி பதிப்புகளை மட்டுமே ஏற்கும். கீழே மட்டுமல்ல, மேலேயும் வரம்பு உண்டு. நெக்ஸ்ட்கிளவுட் 25 ஏற்பது பிஎச்பி 7.4 முதல் 8.1 வரை. 26 ஏற்பது 8.0 முதல் 8.2 வரை. உபுண்டு 20.04-இல் 7.4-உம் 22.04-இல் 8.1-உம் வருவதால் அங்கே வழி சுலபம்: பழைய உபுண்டுவிலேயே 25 வரை ஏறுங்கள், பிறகு இயங்குதளத்தை மாற்றுங்கள், பிறகு 26-க்குப் போங்கள். உபுண்டு 24.04-இல் வருவது பிஎச்பி 8.3. அதை முதலில் ஏற்றது நெக்ஸ்ட்கிளவுட் 28 என்பதால், அந்த மாற்றத்துக்கு முன் 28-ஐத் தொட்டிருக்க வேண்டும்.

டெபியனில்தான் பள்ளம். டெபியன் 11-இல் 7.4, டெபியன் 12-இல் 8.2. இவ்விரண்டையும் ஒருசேர ஏற்கும் நெக்ஸ்ட்கிளவுட் பதிப்பே கிடையாது. இயங்குதளத்தை முதலில் உயர்த்தினால் பழைய நெக்ஸ்ட்கிளவுட் திறக்காது. நெக்ஸ்ட்கிளவுடை முதலில் 26 ஆக்கப் போனால் 7.4 போதாது. நடுவில் 8.1-ஐத் தனியாக நிறுவித்தான் கடக்க வேண்டும். டெபியனுக்குப் பல பிஎச்பி பதிப்புகளைத் தரும் சூரி களஞ்சியத்தைப் பலரும் நாடுவது இதற்காகவே. வரிசை இப்படி: நெக்ஸ்ட்கிளவுட் 25, பிஎச்பி 8.1, நெக்ஸ்ட்கிளவுட் 26, கடைசியில் டெபியன் 12.

பிஎச்பியை மாற்றும்போது பழைய அமைப்புகள் கூடவே வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். ஜிடி, இன்டில், எம்பிஸ்டிரிங், ஜிப், கர்ல், தரவுத்தள இணைப்பு என எல்லா மாட்யூல்களையும் புதிய பதிப்புக்கு மறுபடி நிறுவ வேண்டும். நினைவக வரம்பும் பழையபடி 128 எம்பிக்குப் போய்விடும். 512 வைக்க வேண்டும். இன்னொரு பொறி: இணையப் பக்கத்தை ஓட்டும் பிஎச்பியும் டெர்மினலில் ஓடும் பிஎச்பியும் வெவ்வேறாக இருக்கலாம், இரண்டுக்கும் அமைப்புக் கோப்பும் தனித்தனி. ஏபிசியூ என்ற பிஎச்பி நினைவகக் கேஷ் டெர்மினலில் இயக்கப்படாவிட்டால், தளம் நன்றாகத் திறக்கும்போதே ஓசிசி மட்டும் பிழை சொல்லி நிற்கும்.

பேக்கப் விஷயத்தில் ஒரு பொய்யான நிம்மதி உண்டு. அப்டேட்டர் ஓடும்போது தானே ஒரு பேக்கப் எடுக்கிறதல்லவா? அதில் இருப்பது நிரல் கோப்புகள்தான். தரவுத்தளமும் பயனர் கோப்புகளும் கிடையாது. நீங்கள் எடுக்க வேண்டியவை தரவுத்தளம், கான்ஃபிக், டேட்டா, தீம்கள், தனியாகச் சேர்த்த ஆப்கள். எடுக்கும் முன் மெயின்டனன்ஸ் மோடை (பயனர்களை வெளியே நிறுத்தும் பராமரிப்பு நிலை) இயக்கி, 5 நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ஓடும் கிரான் வேலையையும் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் தரவுத்தளம் ஒரு நேரத்தையும் கோப்புகள் வேறொரு நேரத்தையும் காட்டும். பழைய மைஎஸ்க்யூஎல்-இல் எழுத்துக்குறி அமைப்பை யுடிஎஃப்8எம்பி4 என்று சொல்லாமல் டம்ப் (தரவுத்தள நகல்) எடுத்தால் இமோஜிகள் கேள்விக்குறிகளாகிவிடும். எடுத்ததை ஒரு காலித் தரவுத்தளத்தில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள்; பத்து நிமிட வேலை.

டேட்டா அடைவு எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். நிறுவும்போது எதையும் மாற்றாதவர்களுக்கு அது நெக்ஸ்ட்கிளவுட் அடைவுக்குள்ளேயே இருக்கும். கையால் உயர்த்துகிறவர் "பழைய அடைவு இனி எதற்கு" என்று அழித்தால் குடும்பப் படங்கள் அத்தனையும் அதோடு போகும். அழிக்காதீர்கள், பெயரை மாற்றி வையுங்கள்.

பெரிய தரவுத்தளம் என்றால் பிரவுசர் வழியாக உயர்த்த வேண்டாம். நேர வரம்பு முடிந்து பாதியில் நிற்கும். டெர்மினலில் செய்யுங்கள், அதுவும் டெர்மினல் அமர்வை அறுபடாமல் காக்கும் டிமக்ஸுக்குள். சர்வருக்கான எஸ்எஸ்எச் இணைப்பு அறுந்தாலும் வேலை தொடரும். ரூட் பயனராக ஓட்டாமல், கான்ஃபிக் கோப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில் ஓட்டுங்கள். டெபியன், உபுண்டுவில் அது பெரும்பாலும் டபிள்யுடபிள்யுடபிள்யு-டேட்டா.

நெக்ஸ்ட்கிளவுடை டாக்கர் கன்டெய்னரில் ஓட்டுபவர்களுக்கு ஒரே அறிவுரை: இமேஜுக்கு லேட்டஸ்ட் டேக் வேண்டாம், பதிப்பு எண்ணைக் குறிப்பிடுங்கள். நெக்ஸ்ட்கிளவுட் இமேஜ் இரண்டு படி தாண்டினால் கிளம்பவே கிளம்பாது, அது பரவாயில்லை. பக்கத்திலிருக்கும் போஸ்ட்கிரஸ் தரவுத்தளமும் சத்தமில்லாமல் 15-இலிருந்து 16-க்கு மாறியிருந்தால், பழைய டேட்டா அடைவை அது தொடாது. பழைய இமேஜுக்குத் திரும்பி, டம்ப் எடுத்து, புதியதில் ஏற்ற வேண்டியிருக்கும்.

உயர்த்தி முடிந்ததும், தளத்துக்காகப் பிஎச்பியை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம்மை மறுதொடக்கம் செய்யுங்கள். தரவுத்தளத்தில் விடுபட்ட இண்டெக்ஸ்களைச் சேர்க்கும் ஓசிசி கட்டளையை ஓட்டுங்கள். பெரிய அட்டவணைகளில் நேரமாகும் என்பதால் அப்கிரேட் அதைத் தானாகச் செய்வதில்லை. பொருந்தாத ஆப்கள் சொல்லாமல் முடக்கப்பட்டிருக்கும், பட்டியலைப் பாருங்கள். கிரானைத் திரும்ப இயக்க மறப்பவர்கள் அதிகம்.

கீழிறங்க வழி கிடையாது. பழைய நிரலை மட்டும் திரும்ப வைத்தால் புதிய தரவுத்தளத்தோடு அது ஒத்துப்போகாது. நிரல், கான்ஃபிக், தரவுத்தளம் மூன்றையும் சேர்த்தே மீட்க வேண்டும். அந்த முடிவை மெயின்டனன்ஸ் மோடை அணைக்கும் முன்பே எடுங்கள். ஆட்கள் உள்ளே வந்து புதிதாகப் பதிவேற்றிய பிறகு மீட்டால் அவர்கள் பகிர்ந்ததும் குறித்ததும் காணாமல் போகும்.