ஸ்மார்ட் வாட்ச் காட்டும் இதயத் துடிப்பு சரிதானா? வீட்டிலேயே பார்க்கலாம்

வாட்ச்சின் அடியில் மினுங்கும் பச்சை விளக்கு, தோலுக்கடியில் ஓடும் ரத்தத்தின் ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான் துடிப்பைக் கணக்கிடுகிறது. வாட்ச் ஆடினால் வெளி வெளிச்சம் உள்ளே புகுந்து கணக்கு கெடும். அதனால் உடற்பயிற்சியின்போது மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே, நகராதபடி கட்டுங்கள். கை மரத்துப்போகும் அளவுக்கு இறுக்க வேண்டாம். பச்சை குத்திய இடத்தைத் தவிர்த்துவிடுங்கள், மை ஒளியை விழுங்கிவிடும்.

முதலில் ஐந்து நிமிடம் அசையாமல் உட்காருங்கள். இன்னொரு கையின் மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கம் இரண்டு விரல் வைத்து, 30 விநாடி நாடியை எண்ணி இரண்டால் பெருக்குங்கள். வாட்ச் காட்டுவதற்கும் இதற்கும் ஐந்து துடிப்புக்குள் வித்தியாசம் இருந்தால் நல்லது.

ஓடும்போதுதான் சிக்கல். சில நேரம் வாட்ச் துடிப்பை விட்டுவிட்டுக் காலடி வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். மெதுவாக ஓடும்போதே 160, 170 என்று எகிறி அங்கேயே நின்றால் இதைச் சந்தேகியுங்கள். நின்று, உடனே 15 விநாடி நாடி பார்த்து நான்கால் பெருக்குங்கள். எடை தூக்கும்போது மணிக்கட்டு மடங்குவதாலும் தவறும். அதற்கு, நெஞ்சில் கட்டித் துடிப்பை அளக்கும் மார்புப் பட்டைதான் நம்பகமானது.

எரித்ததாக வாட்ச் காட்டும் கலோரியை மட்டும் நம்பிச் சாப்பாட்டைக் கூட்டாதீர்கள். 2017-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மணிக்கட்டில் கட்டும் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, ஆறு கருவிகளில் துடிப்புப் பிழை 5 சதவீதத்துக்குள் இருந்தது. கலோரியிலோ, இருப்பதில் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் பிசகியது.

நெஞ்சுவலி, மயக்கம் இருந்தால் வாட்ச் என்ன காட்டினாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.