முதல் புத்தகம் வரும்போது நண்பர்களிடம் செய்யக் கூடாதவை

டிசம்பர் பிறந்தால் என் போனில் அட்டைப்படங்கள் வந்து குவியத் தொடங்கும். சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டித்தான் தமிழில் ஏராளமான புத்தகங்கள் வெளியாகின்றன என்பதால், முதல் தொகுப்பு போடுகிறவர்களின் பதற்றமும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். மெய்ப்பு, அட்டை, விலை பற்றியெல்லாம் பதிப்பாளரே சொல்லிவிடுவார். நண்பர்களிடம் எப்படி நடந்துகொள்வது என்று யாரும் சொல்வதில்லை. என் தலைமுறையில் நாங்கள் செய்த அதே காரியங்களைப் புதியவர்களும் வரிசையாகச் செய்கிறார்கள்.

"ரெண்டு வரி எழுதிப் போடுங்க"

இத்தனை காலம் ஆகியும் எனக்கு எரிச்சல் தணியாத விஷயம் இது.

நண்பர் தொகுப்பைப் படித்திருக்கிறார். பன்னிரண்டு கதைகளில் ஐந்து பிடித்திருக்கின்றன, மூன்று சுமார், மீதி நான்கு ஏன் இருக்கின்றன என்றே புரியவில்லை. டீக்கடையில் கேட்டிருந்தால் இதை அப்படியே சொல்லியிருப்பார். ஃபேஸ்புக்கில் எழுதச் சொன்னால் அந்த ஐந்தைப் பற்றி மட்டும் எழுதுவார். எழுதிய பிறகு மற்ற ஏழைப் பற்றி உங்களிடம் தனியாகக்கூடப் பேச மாட்டார். ஊரறியப் பாராட்டியவர் எப்படி மாற்றிப் பேசுவார்? அடுத்த புத்தகத்துக்கு உங்களுக்கு மிகவும் தேவைப்படும் வாசகரை அந்த ரெண்டு வரிக்காக இழக்கிறீர்கள்.

அப்புறம் கணக்கு ஆரம்பிக்கும். அவர் புத்தகம் வரும்போது நீங்கள் எழுதியாக வேண்டும், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். ஒரே வாரத்தில் ஐந்து நண்பர்கள் 'தவிர்க்க முடியாத தொகுப்பு' என்று எழுதினால், படிக்கிறவர் அந்த ஐந்து பேரின் அடுத்த பரிந்துரையையும் சேர்த்தே ஒதுக்கிவிடுவார்.

எனக்குத் தெரிந்த ஒரு சிறுநகர இலக்கிய வட்டம் இப்படித்தான் கலைந்தது. ஞாயிறு மாலைகளில் நூலக மாடியில் கூடுவார்கள். கைப்பிரதியாக வாசித்து, திட்டு வாங்கி, திருத்தி, மறுபடி வாசிப்பார்கள். ஒரு ஜனவரியில் அவர்களில் மூவருக்குப் புத்தகம் வந்தது. மூவரும் மாற்றி மாற்றிப் பாராட்டி எழுதிக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்திலேயே கூர்மையாகப் படிக்கிறவர் மட்டும் எதுவும் எழுதவில்லை. "என்ன, பொறாமையா?" என்று ஒருவர் கேட்டுவிட்டார். அவர் வருவதை நிறுத்திக்கொண்டார். அதற்குப் பிறகு அங்கே யாரும் யாருடைய கதையையும் குறை சொல்லவில்லை. குறை சொல்லாத கூட்டத்துக்கு எதற்குப் போக வேண்டும் என்று மற்றவர்களும் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். பாராட்டுப் பதிவுகளை ஒரு வாரத்தில் எல்லாரும் மறந்துவிட்டார்கள். அந்த ஊரில் இன்று ஒரு கதையை நாலு பேர் முன்னால் வாசித்துப் பார்க்க இடமில்லை.

நண்பரிடம் கேளுங்கள், அச்சுக்குப் போகும் முன்பே, தனியாக. "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். "இதில் எந்த இரண்டு கதைகளை எடுத்துவிடலாம்?" என்று கேளுங்கள். புத்தகம் வந்த பிறகு அதைப் பற்றி முன்பின் தெரியாதவர்கள் பேசட்டும். இதழ்களுக்கும் வேற்றூர் வாசிப்பு வட்டங்களுக்கும் பிரதி அனுப்புங்கள். 1959-இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா, தான் பதிப்பித்த புத்தகங்களைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். நம் புத்தகத்தை நாமே கொண்டுபோய் விற்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அவரைப் போலப் புதிய வாசகரைத் தேடிப் போக வேண்டும்.

எல்லா வாட்ஸப் குழுவிலும் அட்டைப்படம்

பள்ளித் தோழர் குழு, குடியிருப்புக் குழு, சொந்தக்காரர் குழு என்று ஒன்றையும் விடுவதில்லை. ஒருவருடைய அம்மா தவறிய செய்திக்கு நேர் கீழே முன்பதிவு இணைப்பைப் போட்டவரைப் பார்த்திருக்கிறேன். அட்டை, விலை, அரங்கு எண் மூன்றையும் சேர்த்து ஒரே ஒரு முறை போடுங்கள், போதும். நினைவூட்ட வேண்டுமென்றால் ஸ்டேட்டஸ் இருக்கிறது. பிராட்காஸ்ட் பட்டியலும் பரவாயில்லை: உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போகும், பதிலும் உங்களுக்கு மட்டுமே வரும்.

பிரதி கொடுத்துவிட்டு "படிச்சாச்சா?"

கேட்காதீர்கள்.

அடுத்தவர் வெளியீட்டு விழாவில் உங்கள் புத்தகம்

பையை விட்டு வெளியே எடுக்க வேண்டாம்.

எழுதும் மாதங்களில் காணாமல் போவது

நாவல் எழுதுகிறேன் என்று ஆறேழு மாதம் யார் போனையும் எடுக்காமல் இருந்துவிட்டு, அழைப்பிதழோடு திரும்பி வருகிறவர்கள் உண்டு. இடையில் நண்பருக்குக் குழந்தை பிறந்திருக்கும், வேலை போயிருக்கும், அப்பா இறந்திருக்கும். நல்லது கெட்டதுக்கு வராதவரின் விழாவில் நாற்காலி காலியாக இருந்தால் அது வாசிப்புப் பழக்கத்தின் வீழ்ச்சி இல்லை.

எழுதும் நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காலை ஒன்பது வரை போனை எடுக்க மாட்டேன் என்றால் நண்பர்கள் பத்து மணிக்குக் கூப்பிட்டுக்கொள்வார்கள், அதில் யாருக்கும் வருத்தமில்லை. கல்யாணத்துக்குப் போக முடியாவிட்டால் அடுத்த வாரம் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். துக்கத்தை அப்படித் தள்ளிப்போட வழியில்லை, அத்தியாயம் பாதியில் நின்றாலும் சரி, கிளம்பிவிடுங்கள்.

நண்பரின் புத்தகத்தை ஓசியில் வாங்குவது

புத்தகக் காட்சியில் 10% கழிவு உண்டு. காசு கொடுத்து வாங்குங்கள்.